உயிர் காக்கும் செத்த கிருமி

வெறிநாய்க்கடிக்குப் போடும் தடுப்பு ஊசியில் இருப்பது என்ன? வெறிநோயை உண்டாக்கும் அதே கிருமிதான்! ஆனால் உயிருள்ள கிருமி அல்ல. செத்த கிருமி.

"செத்த கிருமி என்ன செய்துவிடப் போகிறது?" என்று சிலர் நினைக்கிறார்கள். இரண்டு ஊசி போட்டுக்கொள்கிறார்கள். அதற்குள் கடித்த இடம் ஆறிவிடுகிறது. வலியும் இல்லை. அதோடு ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிடுகிறார்கள்.

இது உயிரோடு விளையாடும் காரியம். வெறிநோயின் அறிகுறி வெளியே தெரிந்த பிறகு பிழைத்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 59 ஆயிரம் பேர் இந்த நோயால் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டு இருக்கிறது. அவர்களில் பலர் குழந்தைகள்.

ஒரே நாளில் போட்டு முடிக்காமல், நாள் குறித்து நாலைந்து ஊசி போடுகிறார்களே, ஏன்? காரணம் நம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

கேடியின் படம்

மருந்து தயாரிக்கும் இடத்தில் வெறிநோய்க் கிருமியை முதலில் வளர்க்கிறார்கள். பிறகு ரசாயனப் பொருளைச் சேர்த்து அதைக் கொன்றுவிடுகிறார்கள். செத்த கிருமி பெருகாது, நோயைத் தராது. ஆனால் அதன் உருவம் அப்படியே இருக்கும். போலீஸ் நிலையத்தில் கேடியின் படத்தை மாட்டி வைத்திருப்பார்கள் அல்லவா? படம் திருடாது. ஆனால் அதைப் பார்த்துத் திருடனை அடையாளம் கண்டுகொள்ளலாம். அந்த மாதிரிதான் இதுவும்.

ஊசி போட்ட இடத்தில் காவல் செல்கள் உண்டு. அவை செத்த கிருமியை விழுங்கி, துண்டு துண்டாக வெட்டுகின்றன. அந்தத் துண்டுகளைத் தங்கள் மேலே தாங்கிக்கொண்டு அக்குளுக்குப் போகின்றன. கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டுமே, அந்த முடிச்சுகளுக்குத்தான் போகின்றன.

இந்தக் காவல் செல்களை 1973-ல் நியூயார்க்கில் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவர்களில் ஒருவர் ரால்ப் ஸ்டைன்மன். அதற்காக 2011-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். பாவம், பரிசை அறிவிப்பதற்கு மூன்று நாள் முன்புதான் அவர் காலமாகி இருந்தார். அது தெரியாமலே பரிசை அறிவித்துவிட்டார்கள்!

உத்தரவு போடும் செல்

நெறி கட்டும் முடிச்சில் காத்திருப்பவை "டி செல்"கள். இவை இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் ஒரு வகை. மார்பு எலும்புக்குப் பின்னால் தைமஸ் என்ற சுரப்பி இருக்கிறது. அங்கே பக்குவம் அடைவதால் இந்தப் பெயர். அந்தச் சுரப்பி எதற்கு என்றே வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. 1961-ல் லண்டனில் ஜாக் மில்லர் என்ற விஞ்ஞானி, பிறந்த சுண்டெலிக் குட்டிகளிடம் இருந்து அதை எடுத்துப் பார்த்தார். அவற்றால் நோயை எதிர்க்க முடியவில்லை.

எல்லா டி செல்லும் எல்லாக் கிருமியையும் அறியாது. வெறிநோய்க் கிருமியின் துண்டை அடையாளம் காணும் டி செல்கள் மிகச் சிலவே. அந்தச் சில செல்கள்தான் விழித்துக்கொண்டு பெருக வேண்டும். அதற்கே சில நாட்கள் ஆகும். பிறகு அவை "பி செல்" என்ற இன்னொரு வகைக்கு உத்தரவு கொடுக்கின்றன. பி செல்கள் எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து இரத்தத்தில் விடுகின்றன. உயிருள்ள கிருமியைப் பிடித்து மடக்குவது அதுதான். டி செல்லின் உத்தரவு இல்லாவிட்டால் பி செல் நன்றாக வேலை செய்யாது.

செத்த கிருமிக்கு ஒரு குறை உண்டு. உயிருள்ள கிருமி செல்லுக்குள் புகுந்து பெருகும். அப்போது, கெட்டுப்போன செல்லையே கொல்லும் டி செல்களும் கிளம்பும். செத்த கிருமி அப்படிப் பெருகுவதில்லை. அதனால் கொல்லும் டி செல்களை அது அவ்வளவாக எழுப்பாது; உத்தரவு போடும் டி செல்களைத்தான் எழுப்பும். அந்த வேலை பலமாக நடக்க, திரும்பத் திரும்பப் படத்தைக் காட்ட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது ஊசிகள் அதற்காகத்தான்.

ஆட்டு மூளை ஊசி

"தொப்புளைச் சுற்றி 14 ஊசி" என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அது பழைய கதை. டேவிட் செம்பிள் என்பவர் 1911-ல் கசௌலியில் உருவாக்கிய மருந்து அது. ஆட்டின் மூளையில் கிருமியை வளர்த்து, கொன்று, வயிற்றில் போட்டார்கள். நீலகிரியில் 1907-ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் ஆட்டு மூளை மருந்து தயாராயிற்று. எத்தனையோ உயிர்களை அது காப்பாற்றியது. ஆனால் கிருமியோடு ஆட்டு மூளையும் உடம்புக்குள் போயிற்று. சிலருக்கு டி செல்கள் அதையும் பகை என்று நினைத்து, சொந்த நரம்புகளையே தாக்கின. கை கால் முடங்கிற்று. 2004-ம் ஆண்டோடு இந்தியாவில் அந்த மருந்தைத் தயாரிப்பது நின்றுவிட்டது. இப்போதைய மருந்தில் மூளை இல்லை. ஊசி பெரியவர்களுக்குக் கையில்தான் போடுகிறார்கள்.

நாள் தவறக் கூடாது

கடிபட்டவுடன் ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். அன்றைக்கே முதல் ஊசி. அதை 0-வது நாள் என்பார்கள். தோலில் போடும் முறையில் 3, 7, 28-ம் நாட்களில் மற்ற ஊசிகள். தசையில் போடும் முறையில் 3, 7, 14, 28. உடம்பு சொந்தமாக எதிர்ப்புப் பொருளைத் தயாரிக்க ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். இரத்தம் வரும்படி கடித்திருந்தால், அதுவரை காப்பாற்ற, தயாராக உள்ள எதிர்ப்புப் பொருளைக் காயத்திலேயே போடுவார்கள். அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஊசியை நடுவில் நிறுத்தலாமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

28-ம் நாள் ஊசி தவறிப்போவதற்கு அலட்சியம் மட்டும் காரணம் அல்ல. கூலி வேலை செய்பவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் கூலி இல்லாத நாள். வேலை கொடுப்பவர்கள் அன்று சம்பளத்தோடு லீவு கொடுத்தால் என்ன? மருந்து தீர்ந்துவிட்டது என்று எந்த ஆரம்ப சுகாதார நிலையமும் யாரையும் திருப்பி அனுப்பாமல் அரசாங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லா ஊசியும் போட்டு முடித்தவரின் உடம்பில் சில டி செல்களும் பி செல்களும் அந்தப் படத்தை மறக்காமல் பல ஆண்டுகள் இருக்கும். மறுபடி நாய் கடித்தால் அவருக்கு 0, 3 என்று இரண்டு நாள் ஊசி பெரும்பாலும் போதும். ஆனால் முன்பு போட்டதற்கு அத்தாட்சி வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.