பெண்ணின் இருதயத்திற்கு ஆணின் அளவுகோலா?

அருப்புக்கோட்டையில் தார் சுற்றும் பெண்ணுக்கோ, திருச்சுழிப் பக்கத்து வானம்பார்த்த காட்டில் விறகு சுமக்கும் பெண்ணுக்கோ மூச்சு முட்டினால் திருநீறு. புருஷனுக்கு முட்டினால் மதுரைக்கு வண்டி! கோடாங்கியின் யோக்கியதை நமக்குத் தெரிந்ததே. ஆனால் படித்த வைத்தியமும் நெடுங்காலம் ஆணின் உடலையே அளவுகோலாக வைத்திருந்ததற்கு என்ன சமாதானம் என்று கேட்கின்றோம்.

இருதயத்தின் பெருநாடி வால்வில் ஏறிய சுண்ணாம்பை சி.டி. படத்தில் எண்ணால் கணக்கிடுகின்றனர். ஆணுக்கு 2000 வந்தால் நோய் கடுமை. பெண்ணுக்கோ 1200-லேயே அதே கடுமை என்று ஐரோப்பிய இருதய வைத்தியர்களின் 2021-ம் வருஷ வழிகாட்டி கூறுகின்றது. பெண்ணின் வால்வு, சுண்ணாம்பு குறைவாயிருந்தும் நார்த்தழும்பால் இறுகிவிடுகின்றது. அப்படியிருக்க, 1500 உள்ள பெண்ணை ஆணின் கணக்கில் “பயமில்லை” என்று திருப்பியனுப்புவது எந்த நியாயம்? காலங்கடந்து வால்வு மாற்ற வந்தபின் “பொம்பளை உடம்பு தாங்காது” என்று பழி வேறு!

தோழர்களே, உங்கள் வீட்டுப் பெண்ணின் படம் எந்தக் கணக்கில் பார்க்கப்பட்டது என்று வைத்தியரிடமே கேளுங்கள்.