திறந்து பாக்காத பக்கப், பக்கப் இல்லை

"பக்கப் இருக்குத்தானே, பயப்பிடாத." லப்டொப் செத்த அன்று சிநேகிதிக்கு நான் சொன்னது இது. கடைசி வருட ஆய்வுக்காக இரண்டு பேரும் ஊர் ஊராகத் திரிந்து ஒப்பாரிப் பாடல்களைச் சேர்த்துக்கொண்டிருந்தோம். எல்லாம் ஒரு எஸ்.கியூ.லைட் டேட்டாபேஸில். ஒவ்வொரு இரவும் அந்த ஃபைலை பென்ட்ரைவுக்கு கொப்பி பண்ணுவது என் வேலை. ஒரு நாளும் தவறவில்லை.

ஆனால் பென்ட்ரைவைத் திறந்தால், கடைசி நாலு நாள் பதிவுகளைக் காணேல்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. எஸ்.கியூ.லைட்டுக்குத் தனி சேர்வர் கிடையாது, ஒரு ஃபைல்தான். ஆனால் எங்கள் புரோகிராம் ஓடிய முறையில், புதிதாக எழுதுவது முதலில் பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஃபைலுக்குள் போகும். பிறகுதான் பிரதான ஃபைலோடு சேரும். நாங்களோ புரோகிராமை மூடாமலே லப்டொப்பை மடித்து வைக்கிற ஆக்கள். நான் கொப்பி பண்ணியது பிரதான ஃபைலை மட்டும்.

இதற்கு எஸ்.கியூ.லைட்டிலேயே பக்கப் கட்டளை இருக்கிறது. புரோகிராம் திறந்திருந்தாலும் அது முழுசாக எடுக்கும். இப்போது எங்கட சின்ன ஸ்கிரிப்ட் மூன்று வேலை செய்கிறது: திகதி போட்டு பக்கப் எடுக்கும், அதை வேறொரு வெறும் ஃபைலுக்குள் திரும்ப ஏற்றும், இரண்டிலும் எத்தனை பதிவு என்று எண்ணிப் பார்க்கும். ஃபைல் பழுதா என்று மட்டும் பார்த்தால் போதாது. என்ர பழைய கொப்பியில் ஒரு பழுதும் இல்லை. நாலு நாள்தான் இல்லை.

"இதெல்லாம் ஐ.டி. பெடியளின்ர வேலை" என்று ஆர்ட்ஸ்காரர் நாங்கள் தட்டிக் கழிக்கிறோம். என்னைக் கேட்டால், அவர்களை விட எங்களுக்குத்தான் இது தேவை. அவர்களின் பரிசோதனைத் தரவு அழிந்தால் திரும்ப உருவாக்கலாம். எங்களுடையது?

அந்த நாலு நாளில் ஒரு அம்மம்மா ரெக்கோர்ட் பண்ண விடாமல், தான் சொல்லச் சொல்ல எங்களை ரைப் பண்ண வைத்த பாட்டு ஒன்று இருந்தது. திரும்பிப் போய்க் கேட்டோம். சிரிச்சா. "அண்டைக்கு வந்தது இண்டைக்கு வருமே பிள்ளை?" எண்டா.

உங்கட பென்ட்ரைவை இண்டைக்கு இரவே வேறொரு கொம்பியூட்டரில் போட்டு, கடைசியாக எழுதினது இருக்கோ எண்டு பாருங்கோ.