ஒரு பிள்ளையின் செலவு ஓர் ஊரின் தலையிலா?

அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்துச் சிற்றூர்கள் பலவற்றில் மார்ச் மாதம் பள்ளி பட்ஜெட்டுக்காக ஊர்க்கூட்டம் கூடும். மாற்றுத்திறன் மாணவருக்கான செலவுக் கணக்கு ஒரே பிள்ளையால் திடீரென எகிறியிருந்தால், எல்லோர் கண்ணும் அந்த வரியில்தான் நிற்கும். பட்ஜெட்டில் பிள்ளையின் பெயர் இருக்காது. ஆனால், சிறிய ஊரில் அது எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியாதவர் யார்? அந்தத் தாயும் அதே கூட்டத்தில்தான் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். எந்தத் தாய்க்கும் இந்த நிலை வரக்கூடாது.

மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏற்ற கல்வியை இலவசமாகத் தர வேண்டும் என்பது 1975 முதல் அமெரிக்கச் சட்டம். சுவாசக் கருவியோடு பள்ளிக்கு வரும் மாணவருக்கு நாள் முழுதும் உடனிருந்து கவனிக்கும் உதவியையும் பள்ளியே தர வேண்டும் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செலவைக் காரணம் காட்டிக் கைவிரிக்க முடியாது. சரியான தீர்ப்பு. ஆனால் பணம்?

கூடுதல் செலவுக்காக, ஒரு மாணவருக்கான தேசிய சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை தருவதாக மத்திய அரசு சொன்னது. இன்று தருவது 15 விழுக்காட்டுக்கும் குறைவு. நியூ ஹாம்ஷயரில் பொது விற்பனை வரி இல்லை. சம்பளத்துக்கு மாநில வருமான வரியும் இல்லை. அதனால் பள்ளிச் செலவில் பெரும்பகுதி வீட்டுச் சொத்து வரியில் வந்து விழுகிறது.

மிகைச் செலவுக்கு மாநில உதவி உண்டு. ஒரு மாணவருக்கான செலவு மாநில சராசரியைப் போல மூன்றரை மடங்கைத் தாண்டினால், அதற்கு மேற்பட்டதில் 80 விழுக்காட்டையும், பத்து மடங்குக்கு மேற்பட்டதை முழுமையாகவும் மாநிலம் ஈடுகட்டும் என்பது விதி. ஆனால் ஒதுக்கிய நிதி போதாவிட்டால் எல்லோருக்கும் விகிதப்படி வெட்டு. வருகிற பணமும் செலவழித்த ஆண்டில் வருவதில்லை. அடுத்த ஆண்டில்தான் வருகிறது. இடைப்பட்ட பள்ளத்தை நிரப்ப, சட்டம் காக்காத செலவுகளில் கத்தி விழுகிறது: இசை வகுப்பு, நூலகம், புதிய ஆசிரியர் நியமனம். பழி மட்டும் அந்தப் பிள்ளைமேல்.

முழுதாக ஈடுகட்டினால் பள்ளிகள் ஊதாரித்தனம் செய்யும் என்கிறார்கள் சிலர். மூன்றரை மடங்கு வரை தன் கையிலிருந்து போடுகிற பள்ளி நிர்வாகம் எதற்கு வீண்செலவு செய்யப் போகிறது? மாநிலத்திடம் பணமில்லை என்பதும் பொருந்தாது. இந்தச் செலவை யாரோ ஒருவர் இன்றும் ஏற்கத்தான் செய்கிறார். சில நூறு வீடுகள் சுமப்பதா, மாநிலம் முழுதும் பகிர்வதா என்பதே கேள்வி. எந்த ஊரில் இப்படியொரு பிள்ளை பிறக்கும் என்பதை யாரும் தீர்மானிப்பதில்லை. ஊர் கூடி இழுக்க வேண்டிய தேரை ஒரு தெருவிடம் விடுவது நியாயமல்ல.

சட்டம் சொல்லும் தொகையை வெட்டின்றி ஒதுக்குங்கள். செலவான ஆண்டிலேயே கொடுங்கள். நியூ ஹாம்ஷயர் சட்டமன்றம் உடனே செய்ய வேண்டியது இதுதான். மத்திய அரசு தன் 40 விழுக்காட்டு வாக்கைக் காப்பாற்றட்டும். பிள்ளைக்கு உரிமை கொடுத்தவர்கள்தான் அதற்குரிய பணத்தையும் கொடுக்க வேண்டும்.