விட்டதைப் பிடிக்கப் போகிறவர்கள்

“விட்டதை விட்ட இடத்திலேதான் பிடிக்க வேண்டும்.” திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் கடைவாசலிலும் சரி, உட்துறைமுகத்தில் வள்ளம் கட்டும் கரையிலும் சரி, காசை இழந்து நிற்பவருக்கு முதலில் கிடைக்கும் புத்திமதி இதுதான். நம்மிடையே புழங்கும் பணப் புத்திமதிகளில் குடும்பங்களை இவ்வளவு கெடுத்தது வேறொன்றில்லை என்பேன். இதற்கு விளையாட்டையும் சாட்சிக்கு இழுப்பார்கள்: கடைசிவரை விடாதே, விழுந்தாலும் எழும்பி ஓடு. பரிசளிப்பு விழா மேடைக்கு அது போதும். மைதானத்தில் நடப்பது வேறு.

1996 உலகக் கிண்ணக் கிரிக்கெட் அரையிறுதியில், கொல்கத்தா ஈடன் கார்டனில், முதல் ஓவரிலேயே இலங்கையின் தொடக்க வீரர்கள் களுவிதாரணவும் ஜெயசூரியவும் ஆட்டமிழந்தார்கள். ஒரு ஓட்டத்துக்கு இரண்டு விக்கெட். போன விக்கெட்டை எந்த வீரனாலும் மீட்க முடியாது; ஆட்டமிழந்தவர் அந்த இன்னிங்ஸில் திரும்பி வரமாட்டார். மீதிப் பந்துகளில் என்ன செய்யலாம் என்பது மட்டுமே அரவிந்த டி சில்வாவின் முன்னிருந்த கணக்கு. அடித்தாடி 47 பந்துகளில் 66 எடுத்தார். நான்கு நாள் கழித்து லாகூர் இறுதியாட்டத்திலும் ஏறக்குறைய அதே தொடக்கம், 23 ஓட்டத்துக்கு இரண்டு விக்கெட். ஆனால் அன்று இலக்கு 242 என்று தெரிந்திருந்தது. அதே மனிதர் அவசரமில்லாமல் 124 பந்துகளில் 107 எடுத்து, ஆட்டமிழக்காமல் நின்று கிண்ணத்தை வாங்கித் தந்தார். இழப்பு இரண்டு நாளும் ஒன்றுதான். ஆட்டத்தைத் தீர்மானித்தது இனி என்ன வேண்டும் என்பது.

விளையாட்டுக்காரர் எல்லோரும் ஞானிகள் என்று சொல்லவில்லை. அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட லீக்கை ஆராய்ந்து ஸ்டோவும் ஹோவாங்கும் 1995இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நல்ல சான்று. வீரர் தெரிவில் முன்வரிசையில் எடுக்கப்பட்டவர்களுக்கு, ஆட்டத்திறனைக் கணக்கில் கொண்ட பிறகும், கூடுதல் ஆட்டநேரம் கிடைத்தது. அவர்கள் லீக்கில் நீடித்ததும் கூடுதல் காலம். தங்கள் தெரிவை நியாயப்படுத்த நிர்வாகிகளே மீண்டும் மீண்டும் அவர்களை இறக்கினார்கள். களத்தில் ஆடுபவனை விதி தடுக்கிறது. முதல் போட்டவனைத் தடுக்க ஆளில்லை.

நம் வீடுகளிலும் அதே கதைதான். லீசிங்கில் ஓட்டோ எடுத்தவர் மூன்று வருடம் தவணை கட்டுகிறார், உழைப்பு படுத்துவிடுகிறது. நிறுவனத்தின் சம்மதத்தோடு வண்டியை விற்றுக் கணக்கை முடிக்கலாம். “இவ்வளவு காலம் கட்டினது வீணாப் போயிடுமே” என்று மனைவியின் தாலிக்கொடி அடகுக்குப் போகிறது. பிறகு தவணைக்கு மேல் அடகு வட்டி, அதைக் கட்டக் கிழமைக்கு வசூலிக்க வரும் நுண்கடன். 2018இல் அரசு நுண்கடன் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பு போடவேண்டி வந்தது. பிரமிட் திட்டம் இன்னும் மோசம். அது உயிர்வாழ்வதே இந்த நம்பிக்கையில்தான்: போட்டதை எடுக்க இன்னும் இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த இரண்டு பேர் பெரும்பாலும் மச்சானும் சித்தி மகளும். வங்கித்தொழில் சட்டப்படி அப்படி ஊக்குவிப்பதும் குற்றம் என்பது பலருக்கும் பிறகுதான் தெரியவருகிறது.

இலங்கை அரசாங்கமே இந்தப் பிழையைச் செய்தது. கடன் தவறியதே இல்லை என்ற பழைய பெயரைக் காக்க, டொலர் வற்றியிருந்த 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் பிணைமுறியைக் கட்டி முடித்தது. மூன்று மாதம் ஆகவில்லை, ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்துவதாக அறிவித்தது. பெயரும் போனது, எரிபொருளுக்கும் மருந்துக்கும் இருந்திருக்கக்கூடிய டொலரும் போனது.

அப்படியென்றால் கடனைக் கட்டாமல் விடலாமா என்று கேட்பார்கள். இல்லை. நட்டம் வேறு, கடன் வேறு. பிறருக்குக் கொடுக்க வேண்டியது இனி எடுக்கவேண்டிய ஓட்டத்தில் சேர்ந்தது, அதைக் கழிக்க முடியாது. பொறுத்திருந்து காணியில் மீண்டவர்கள் இல்லையா என்பது அடுத்த கேள்வி. இருக்கிறார்கள். ஆனால் அந்தக் காணியை இன்றைய விலைக்கு இன்றும் வாங்கத் துணிவீர்களா? ஆம் என்றால் வைத்திருங்கள். பழைய விலை வந்த பிறகுதான் கைவிடுவேன் என்பது காரணமாகாது. ஏழைக்கு நட்டத்தை விழுங்க வசதியேது என்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் இரண்டாவது நட்டத்தைத் தாங்கும் வசதி அவருக்கு அதைவிடக் குறைவு.

லீசிங் கடிதம் வந்திருக்கும் வீட்டுக்காரரிடம் ஒரு வேண்டுகோள். இதுவரை கட்டிய பற்றுச்சீட்டுகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இனிக் கட்டவேண்டியதையும் வண்டியின் இன்றைய விலையையும் மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அடகுக் கடைக்குப் போவதா இல்லையா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.