கேரவன் வருகிறது... கழிவு எங்கே போகிறது?

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவே இருக்கிறது பிச்சாவரம் அலையாத்திக் காடு. துடுப்புப் படகில் ஒரு சுற்று போய்வந்தது போக, இப்போது கயாக்கில் தானே துடுப்புப் போட ஆசைப்பட்டும் பலர் வருகிறார்கள். படுக்கை, அடுப்பு, கழிப்பறை என எல்லா வசதியும் கொண்ட கேரவன்களும் கடைமடைச் சாலைகளில் தலைகாட்டத் தொடங்கிவிட்டன. வரட்டும், நல்லதுதான். ஆனால் அந்த வண்டியின் கழிப்பறைத் தொட்டி நிரம்பினால் எங்கே காலி செய்வது?

கடந்த கோடையில் இந்தப் பகுதியின் வாய்க்கால் ஒன்றின் மதகோரம் விடியற்காலையில் ஒரு கேரவன் நின்றது. வண்டிக்கு அடியிலிருந்து தடித்த குழாய் ஒன்று சரிவில் நீண்டிருந்தது. கழிப்பறை மருந்தின் நீலம் கலந்த கழிவு, நுரையோடு வாய்க்காலில் இறங்கிக்கொண்டிருந்தது. கேட்டதற்கு, பெட்ரோல் பங்க்கிலும் விடவில்லை, லாட்ஜிலும் விடவில்லை, வேறு எங்கே ஊற்றுவது என்றார் ஓட்டுநர். அவர் செய்தது தவறுதான். ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது.

அந்தத் தண்ணீரில் யார் இறங்குகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். பிச்சாவரத்தைச் சுற்றி வாழும் இருளர் மக்களுக்கு வாய்க்கால்தான் வயல். பெண்கள் தண்ணீருக்குள் அமிழ்ந்து, சேற்றைத் துழாவி, வெறுங்கையால் இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டே நகர்கிறார்கள். இரண்டு கையும் சேற்றில், வாயில் பறி, வாய்க்கு நான்கு விரற்கடை கீழே தண்ணீர். ஊர்க் கழிவை அதில் கலந்துவிட்டு, சொறியும் வயிற்றுப்போக்கும் ஏன் வருகிறது என்று அவர்களிடம் கேட்பதில் அர்த்தமில்லை.

ஓதம் ஏறி இறங்கும்போது எல்லாம் கடலுக்குப் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். இந்தக் காட்டின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பிரிட்டிஷ் காலம் தொடங்கி 1970-கள் வரை இங்கே மரங்களைப் பகுதி பகுதியாக மொத்தமாய் வெட்டினார்கள். வெட்டிய இடம் தாழ்ந்து, தண்ணீர் தேங்கி, வெயிலில் உப்பேறி, கன்று முளைக்காமல் போனது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதநீரை உள்ளே விட்ட பிறகுதான் அந்த இடங்களில் காடு திரும்பியது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு நீரோட்டம் குறையும்போது, ஊற்றிய கழிவு ஊற்றிய இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

கயாக்கில் வருபவர்களின் உயிருக்கும் யாராவது பொறுப்பேற்க வேண்டும். வற்றம் எப்போது என்று தெரியாமல் குறுகிய வாய்க்காலுக்குள் போனால், திரும்பும்போது கயாக் சேற்றில் தரைதட்டும். இறங்கித் தள்ளலாம் என்று கால் வைத்தால் முழங்கால்வரை புதையும். பிடிமானத்துக்கு ஒடிக்கும் கிளை தில்லை மரமாக இருந்தால், அதன் பால் கண்ணில் பட்டுப் பார்வைக்கே ஆபத்து. உள்ளூர்ப் படகோட்டிக்கு இதெல்லாம் அத்துப்படி. வெளியூர்க்காரருக்குச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

சட்டத்துக்குக் குறைவில்லை. நீர்நிலையில் மாசு கலப்பதை 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் தடுக்கிறது. 2022-இல் பிச்சாவரம், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தமிழக அரசின் 2023 சுற்றுலாக் கொள்கை கேரவன் சுற்றுலாவுக்கும் சாகசச் சுற்றுலாவுக்கும் தனி இடம் தந்திருக்கிறது. விருந்தாளியை அழைத்தாயிற்று. வீட்டுக்குள் கழிப்பறை எங்கே என்று காட்ட வேண்டியதும் அழைத்தவர் கடமைதானே?

கேட்பது பெரிய திட்டம் அல்ல. காட்டுக்கு வெளியே, மேட்டு நிலத்தில், கேரவன்களுக்கு ஒரு நிறுத்துமிடம். அங்கே குடிநீர்க் குழாய், பொதுக் கழிப்பறை, வண்டிக் கழிவை நேரடியாக இறக்க மூடிய தொட்டி. அந்தக் கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோக லாரி. தொட்டிக்குள் மனிதரை இறக்காமல் எல்லாமே இயந்திரத்தால் நடக்க வேண்டும். செலவுக்கு வண்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கட்டும். வாய்க்காலில் ஊற்றினால் கட்டணத்தைப் போலப் பல மடங்கு அபராதம் போடட்டும்.

கயாக் இறக்க ஒரே படித்துறை, அன்றன்றைய ஏற்ற வற்ற நேரம் எழுதிய பலகை, உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரும் ஏறக்கூடாது என்ற கண்டிப்பு, கூடவே வழிகாட்டியாக உள்ளூர்ப் படகோட்டிகளும் இருளர் இளைஞர்களும் வேண்டும். இறால் பிடிக்கும் வாய்க்கால்கள் எவை என்று அந்த மக்களிடமே கேட்டு, அவற்றில் கயாக் போகாமல் ஒதுக்க வேண்டும்.

2004 சுனாமியின்போது தன் பின்னால் இருந்த குடியிருப்புகளுக்கு அரணாக நின்றது இந்தக் காடு. இப்போது அதைக் காப்பது நம் முறை. மாவட்ட ஆட்சியர், வனத்துறை, சுற்றுலாத்துறை, உள்ளாட்சி நான்கும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஒரு வாரத்தில் இடம் குறிக்கலாம். அடுத்த பொங்கல் விடுமுறைக்குள் தொட்டியும் பலகையும் வந்தாக வேண்டும். அதுவரை புதிய கேரவன் பயணம் எதற்கும் இங்கே அனுமதி தரக்கூடாது.