செம்புக் குடத்துக்கும் தடை இருந்தது

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு செம்புக் குடம் இருந்தது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அதைப் பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு, அம்மா ஒரு எவர்சில்வர் அண்டாவும் மீதிக்குப் பணமும் வாங்கிக்கொண்டார். குடத்தின் கழுத்தில் ஆயாவின் பெயரும் ஒரு வருடமும் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தன. என்ன வருடம் என்று இன்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. அன்று எனக்கும் அது பரணை அடைத்துக்கொண்டிருந்த பழைய சாமான்தான்.

பல வருடம் கழித்து ஹட்டனின் புத்தகத்தைப் படித்தேன். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்தவர் அவர். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த எட்டுத் தடைகளை அதில் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. மீறிய இடங்களில் வன்முறை நடந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாயின. பெண்கள் செம்பு, பித்தளைக் குடங்களில் தண்ணீர் எடுக்கக் கூடாது, மண் குடம்தான். பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன.

இது நம் பக்கத்து வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1935 நவம்பரில் குஜராத்தின் அகமதாபாத் மாவட்டத்தில் ஜானு என்ற ஊரில், கொஞ்சம் வசதியான தீண்டப்படாத குடும்பத்துப் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுக்கத் தொடங்கினார்கள். அதற்காகவே அவர்களைத் தாக்கினார்கள். 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் இதைச் சொல்கிறார்.

இப்போது உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய போட்டோவைப் பாருங்கள். தாத்தா சட்டை போட்டு, தலையை வகிடெடுத்து வாரி, காலில் செருப்போடு உட்கார்ந்திருக்கிறாரா? மடியில் குடை இருக்கிறதா? பக்கத்தில் ஆயா ரவிக்கை போட்டு, பூ வைத்து நிற்கிறாரா? அந்தத் தடைப் பட்டியலை ஒரு கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். ஒரே படத்தில் நாலைந்து தடைகள் உடைந்திருக்கும். "அந்தக் கோட்டு ஸ்டூடியோக்காரனோடதுடா" என்று யாராவது சிரிப்பார்கள். இருக்கட்டுமே. இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு தன்னை இப்படித்தான் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று ஒரு மனிதர் முடிவு செய்திருக்கிறார், அதுதான் விஷயம்.

நம்மைப் பற்றி வேறு விதமான படங்களும் இருக்கின்றன. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் அளந்தவர். 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அந்த வகைப் படங்களுக்குக் கீழே சாதிப் பெயர் இருக்கும், நிற்பவரின் பெயர் இருக்காது. வீட்டுப் படம் அப்படியில்லை. அதில் இருப்பவர்களுக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடிய ஒரு அத்தையோ பெரியப்பாவோ இன்னும் உயிரோடு இருக்கிறார்.

செம்புக் கெட்டிலும் தவலையும் இப்போது ரிசார்ட்டு வரவேற்பறையில் 'பாரம்பரியம்' என்று பளபளக்கின்றன. யாருடைய பாரம்பரியம் என்று அங்கே எழுதி வைப்பதில்லை. மண்பாண்டத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய குடத்துக்கும், எப்போதும் இருந்த வீட்டுக் குடத்துக்கும் எடை ஒன்றாக இருக்கலாம், கதை ஒன்றல்ல.

பொருள் மீதான கோபம் 1930களோடு முடிந்ததா? 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்தபோது, வெளிநாட்டில் உழைத்த பணத்தில் சேர்த்த வீட்டுப் பொருட்கள் நொறுக்கப்பட்டன. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டியில் வீடுகளைக் கொளுத்தினார்கள். வீடு எரிந்தால் சான்றிதழும் போட்டோவும் சேர்ந்துதான் எரியும். அதனால்தான் நகல் வேண்டும் என்கிறேன், அதுவும் ஒரே ஊரில் இருக்கக் கூடாது.

வேலை பெரிதில்லை. பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் செல்போனில் படமெடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள்; ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். மூலப் படத்தை வாங்கிக்கொண்டு போகாதீர்கள், அது அந்த வீட்டுக்குச் சொந்தம். பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள், அனுமதி கேட்டுவிட்டு. பாத்திரத்தில் வெட்டிய எழுத்தின் மேல் கோலமாவைத் தடவித் துடைத்தால் தேய்ந்த எழுத்தும் கொஞ்சம் தெரியும். போட்டோவே எடுக்க முடியாத வீடுகள்தான் சேரியில் அதிகம். அங்கே என்ன அடகுக்குப் போனது, எது திரும்பவில்லை என்று கேட்டு எழுதுங்கள். அதுவும் ஆவணம்தான்.

போன மாதம் அம்மாவிடம் குடத்தைப் பற்றி மறுபடி கேட்டேன். வருடம் தெரியவில்லை. ஆனால் ஊர்த் தெரு வழியாகப் போகும்போது ஆயா அந்தக் குடத்தின் மேல் பழைய சேலையைப் போர்த்தித்தான் எடுத்துப் போவாராம். "எதுக்கும்மா?" என்றேன். "வெயிலுக்குன்னு சொல்லுவாங்க" என்றார் அம்மா.