கடைவீட்டில் வீடு எங்கே?

பத்தாங் பெர்ஜுந்தாய் 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆயிற்று. என் பாட்டிக்கு அது இன்னும் பெர்ஜுந்தாய்தான். பெயர்ப்பலகை மாறியதே தவிர, கடைத்தெரு அப்படியே இருக்கிறது. கீழே மளிகைக் கடை, முடிதிருத்தும் நிலையம், அடகுக் கடை. தலையை நிமிர்த்திப் பார்த்தால் மேல்மாடிச் சன்னல்கள் பல ஆண்டுகளாகச் சாத்தியே கிடக்கின்றன. 'வாடகைக்கு' என்ற துணி வெயிலில் வெளுத்துத் தொங்குகிறது.

அத்தகைய மேல்மாடி ஒன்றில்தான் என் மாமா மூன்றாண்டுகளாகக் குடியிருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டியவை. மேல்மாடிக்கு ஒப்பந்தம் கிடையாது. மின்சாரமும் தண்ணீரும் வணிகக் கட்டணத்தில் வருகின்றன. இதைப் பற்றிக் கேட்க மாமாவுடன் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். "அங்கே யாரும் குடியிருப்பதாகப் பதிவே இல்லையே" என்றார் முகப்பில் இருந்தவர். மாமா அவருக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி ஒரு கட்டடத்தின் பயன்பாட்டைப் பெரிதாக மாற்றுவதும் 'மேம்பாடு' ஆகும். அதற்கு ஊராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். நிலப்பட்டாவில் 'வணிகம்' என்று நிபந்தனை இருந்தால் நில அலுவலகத்திலும் மாற்ற வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. நூற்றுக்கணக்கில் வாடகை வாங்கும் சிறு உரிமையாளர் எவர் இதற்காக அலைவார்? பூட்டி வைப்பது சுலபம். வாய்மொழியாக வாடகைக்கு விடுவது அதைவிடச் சுலபம்.

இத்தனைக்கும் மலாயில் 'ரூமா கெடாய்' என்கிறோம், தமிழில் 'கடைவீடு' என்கிறோம். கீழே வியாபாரம், மேலே குடும்பம் என்பதுதான் அதன் பிறவிக் குணம். வீடு என்பதைப் பிற்கால விதிகள் அடித்துவிட்டன.

அதற்காக எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்து 2013-இல் அலுவலகக் கட்டடங்களை முழுத் திட்ட அனுமதி இல்லாமலே வீடாக்கலாம் என்றது. 2020-இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட ஆய்வில், அப்படி உருவானவற்றுள் 22 விழுக்காட்டு வீடுகளே தேசிய இட அளவை எட்டியிருந்தன. சன்னல் இல்லாத அறைகள்கூட இருந்தன. பின்னர்தான் வெளிச்சமும் குறைந்தபட்ச அளவும் கட்டாயமாயின. நாம் அந்த இரண்டையும் முதலிலேயே எழுதிக்கொள்ளலாம். தீப்பிடித்தால் இறங்க இன்னொரு வழியையும் சேர்த்து.

இன்னொரு பயமும் எனக்கு உண்டு. மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் 245 குடும்பங்கள் சொந்த வீடு கேட்டுப் பல ஆண்டுகள் போராடின. இனி யாராவது, "கடைமாடிதான் இருக்கிறதே, தரைவீடு எதற்கு?" என்று கேட்கக் கூடாது. அந்தக் குடும்பங்கள் கேட்டது வாசலில் முருங்கை நடக்கூடிய வீடு. மேல்மாடி அதற்கு ஈடாகாது.

ஆனால் என் மாமாவைப் போன்றவர்கள் அந்தப் பட்டியலிலும் இல்லை. கோலா சிலாங்கூர் நகராண்மைக் கழகம் பழைய கடைவரிசைகளின் மேல்மாடிக்கு மட்டும் ஒரே பாரம், ஒரே முகப்பு, குறைந்த கட்டணம் என்று தொடங்கிப் பார்க்கலாம். நில அலுவலகமும் உடன் உட்கார வேண்டும். சென்ற தீபாவளிக்கு மாமாவுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினேன். முகவரியில் கீழ்க்கடையின் பெயரைத்தான் எழுத வேண்டியிருந்தது.